கேட்கும் பட்டன்

ஓய்வுபெற்ற பிறகு என் கனவுகளில் மனிதர்களைவிட நாங்கள் செய்த கணினி ஆட்டங்கள்தான் அதிகம் வருகின்றன. திரையில் நாங்கள் வரைந்த கடலுக்குள் நான் நடந்து போவேன். அலை காலைத் தொடும், ஆனால் நனைக்காது. போர்ட் பிளேரில் டெய்ரி ஃபார்ம் என்ற பகுதியில் இருக்கும் என் வீட்டு மாடியில், உட்கார்ந்தபடியே தூங்கிப்போகும் மத்தியானங்களில் தகரக் கூரைமேல் மழை விழுந்தால், பக்கத்து அறையில் ஏதோ ஒரு ஆட்டம் தானாகவே ஆடத் தொடங்கிவிட்டதோ என்று தோன்றும். எழுந்து பார்த்தால் ஒன்றும் இருக்காது. ஈரமான தென்னைகளும், தூரத்தில் புகைபோலத் தெரியும் ஒரு கப்பலும்தான்.

நீங்கள் இந்தத் தொழிலுக்குப் புதிது. நிரல் எழுதுவதைப் பற்றியோ படம் வரைவதைப் பற்றியோ நான் உங்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. அதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாக வரும். ஆனால் ஒருவர் வாழ்க்கையில் உண்மையாக நடந்ததை ஆட்டமாக்கும் வேலை என்றைக்காவது உங்கள் மேசைக்கு வரும். வசனத்தில் வைத்து அதைச் சொல்லிவிடலாம், படத்தில் வைத்தும் சொல்லிவிடலாம். ஆட்டத்தின் விதியிலேயே வைத்துச் சொல்வதுதான் கஷ்டம். ஆடுகிறவர் அதைப் பார்க்கக்கூட மாட்டார், ஆனால் அவருக்கு அது நடக்கும். அப்படி ஒரு ஆட்டத்தைப் பற்றித்தான் இப்போது எழுதுகிறேன்.

சென்னையில் என் முதல் வேலையில் எனக்கு ஒரு மேலதிகாரி இருந்தார். அதிகம் பேசமாட்டார். ஆட்டத்தைச் சோதித்துப் பார்க்க வெளியாட்களைக் கூட்டிவந்து உட்காரவைப்போம். நாங்களெல்லாம் அவர்கள் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்ப்போம். அவர் மட்டும் முன்பக்கம் போய்த் தரையில் உட்கார்ந்துகொண்டு அவர்களுடைய விரல்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஏன் என்று கேட்டதற்கு, "திரையில என்ன வரும்னு நமக்குத்தான் தெரியுமே" என்றார். அவ்வளவுதான் சொன்னார். நான் அவரிடம் கற்றுக்கொண்டதும் அவ்வளவுதான்.

கடலுக்கடியில் கேபிள் வந்து இங்கே இன்டர்நெட் நிலையான பிறகு நான் சொந்த ஊரான போர்ட் பிளேருக்கே திரும்பி வந்தேன். வாப்பா கட்டிய வீட்டின் மாடியில் சின்னதாக ஒரு ஸ்டுடியோ தொடங்கினோம். நான், வடக்கே ரங்கத் என்ற ஊரிலிருந்து வந்த தபஸ் என்ற வங்காளி ஓவியர், நிரல் எழுத இரண்டு பேர், கதை எழுத யோகேஸ்வரி. யோகேஸ்வரிக்கு என் மகள் வயது இருக்கும். அவளுடைய குடும்பம் இலங்கையின் மலைத் தோட்டங்களிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டு, எண்ணெய்ப்பனைத் தோட்ட வேலைக்காக, போர்ட் பிளேரிலிருந்து கப்பலில் போக வேண்டிய ஹட் பே என்ற தீவூரில் குடியேறியது. தோட்டம் பிறகு மூடிவிட்டது, ஆனால் அவர்கள் அங்கேயே இருந்துவிட்டார்கள்.

மெயின்லேண்டில் ஒரு நிறுவனம் தீவுகளைப் பற்றிச் சின்ன ஆட்டம் ஒன்று செய்துதரக் கேட்டிருந்தது. பவளம், ஆமை, பழைய சிறை என்று நாங்கள் ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டிருந்தபோது, யோகேஸ்வரி தனக்கு நடந்த ஒன்றைச் சொன்னாள்.

அவள் பள்ளியில் கடைசி வகுப்பில் இருந்தபோது அவளுடைய அம்மாவுக்குத் தொண்டையில் கட்டி வந்தது. அறுவை செய்தால் உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் குரல் போய்விடும் என்று சொல்லிவிட்டார்கள். அம்மாவும் அப்பாவும் போர்ட் பிளேருக்குப் போய்த் தங்கினார்கள். பரீட்சை முடிந்ததும் மகளும் அங்கே போவதாக ஏற்பாடு. அறுவைக்கு அதன் பிறகும் நாள் இருந்தது. ஆனால் மெயின்லேண்டிலிருந்து வந்திருந்த டாக்டர் முன்கூட்டியே திரும்ப வேண்டியிருந்ததால் அறுவையைச் சொன்ன நாளுக்கு முன்பே வைத்துவிட்டார்கள். செய்தி ஒரு கடைக்காரர் மூலமாக அவளுக்கு வந்தது. மழையில் டவர் விழுந்து போனும் கிடைக்கவில்லை. அவள் கப்பல் நிற்கும் ஜெட்டிக்கு ஓடினாள். கப்பல் நின்றுகொண்டிருந்தது. டிக்கெட் தீர்ந்துவிட்டிருந்தது. அந்தக் கப்பல் போய்விட்டது, அடுத்த கப்பலைக் கடல் கொந்தளிப்பால் விடவில்லை. கடைசியில் அவள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அம்மா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மகளைப் பார்த்ததும் வாயைத் திறந்தாள். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

இதை அவள் அழாமல்தான் சொன்னாள். தபஸ் எழுந்துபோய் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டார்.

நாங்கள் ஆட்டத்தை இரண்டு பேர் சேர்ந்து ஆடுவதாக அமைத்தோம். திரை நடுவில் பிரிந்திருக்கும். இடது பக்கம் அதிகாரிகள் குவார்ட்டர்ஸில் இருக்கும் ஒரு பெண், வலது பக்கம் தோட்டத்துப் பெண். இரண்டு பேருடைய அம்மாவும் ஒரே வார்டில் ஒரே அறுவைக்காகக் காத்திருக்கிறார்கள். குரல் போவதற்குள் மகள்கள் போய்ச் சேர வேண்டும். தபஸ் ஹட் பே ஜெட்டியை வரைந்தார். மழைக்கு முன்னால் அங்கே கடலுக்கும் வானத்துக்கும் நடுவில் கோடு இருக்காது, கப்பல் காற்றில் தொங்குவதுபோல நிற்கும். அதை அப்படியே கொண்டுவந்திருந்தார். பார்த்துக்கொண்டே இருந்தால் நமக்கு எங்கே போக வேண்டும் என்பதே மறந்துபோகும்.

முதல் வடிவத்தில் தோட்டத்துப் பெண் கொஞ்சம் மெதுவாக நடந்தாள், சீக்கிரம் களைத்துப்போனாள். கஷ்டத்தைக் காட்ட இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வது அதுதான். கல்லூரி மாணவர்கள் சிலரைக் கூட்டிவந்து ஆடச் சொன்னோம். ஒரு மாணவர் பலமுறை முயன்று வலது பக்கத்துப் பெண்ணைக் கப்பலில் ஏற்றிவிட்டார். நண்பர்கள் கைதட்டினார்கள். அந்தப் பெண்ணை வைத்துக்கொண்டே ஜெயித்துவிட்டேன் என்று அவர் சந்தோஷமாகச் சொன்னார்.

அவர்கள் போன பிறகு யோகேஸ்வரி ஆட்டத்தை இயக்கும் கன்ட்ரோலரை எடுத்து, அந்தப் பெண்ணை ஜெட்டிச் சாலையில் மேலும் கீழும் நடக்கவிட்டாள்.

"எங்க காலு மெதுவா நடக்கல பாய்," என்றாள். "நாங்க ஓடித்தான் போனோம். ஓடிப் போயித்தான் நின்னோம்."

அவள் சொன்னது எனக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. குறையை நாங்கள் அந்தப் பெண்ணின் உடம்பில் வைத்திருந்தோம். அவள் உடம்பில் ஒரு குறையும் இல்லை. இரண்டு பெண்களும் ஒரே வேகத்தில் ஓட வேண்டும், ஒரே உயரம் தாண்ட வேண்டும், ஒரே பட்டன்கள் இருக்க வேண்டும். அவர்களைச் சுற்றியிருக்கும் ஊர்தான் வேறு வேறாக நடந்துகொள்ள வேண்டும். இதை உங்கள் மேசையில் ஒட்டிவைத்துக்கொண்டாலும் தப்பில்லை: பாத்திரத்தின் கையையும் காலையும் குறைக்காதீர்கள், கதவுகளை மாற்றுங்கள்.

எல்லாவற்றையும் கலைத்துவிட்டு மறுபடி தொடங்கினோம். கன்ட்ரோலரில் மஞ்சள் பட்டன் ஒன்றை எடுத்துக்கொண்டோம். அதை அழுத்தினால் பெண் எதிரில் இருப்பவரிடம் கேட்பாள். வழி கேட்பாள், வண்டி கேட்பாள், டிக்கெட் கேட்பாள். வலது பக்கத்தில் அந்தப் பட்டன் இல்லாமல் ஒரு அடி நகர முடியாது. இடது பக்கத்திலும் அதே பட்டன் அதே இடத்தில் வேலை செய்யும். ஆனால் அவளுக்கு அது தேவைப்படாது. அவள் வாசலுக்கு வரும்போதே ஜீப் நின்றிருக்கும். டிக்கெட் கவுன்டருக்கு வந்தால் உள்ளே இருப்பவர் கேட்பதற்கு முன்பே தலையை நிமிர்த்துவார். தோட்டத்துப் பெண் வந்தால் குனிந்த தலை குனிந்தபடியே இருக்கும். "கதம் ஹோ கயா" என்று குரல் மட்டும் வரும், தீர்ந்துபோச்சு என்று. அதில் கோபம் இருக்கக் கூடாது என்று யோகேஸ்வரி பிடிவாதமாகச் சொன்னாள். அந்த மனிதர் பொல்லாதவர் இல்லை, களைத்துப்போனவர்.

அந்த மாதங்களை நினைத்தால் எல்லாம் ஒரே நீண்ட மழைநாளாகத்தான் ஞாபகம் வருகிறது. எங்கள் மாடியே ஜெட்டியாகிவிட்டது. வேலை செய்யாத நேரத்திலும் யாராவது அந்தக் கவுன்டர் முன்னால் பெண்ணை நிறுத்திவைத்துவிட்டுச் சும்மா பார்த்துக்கொண்டிருப்பார்கள். மழைச் சத்தம் திரையிலிருந்து வருகிறதா வெளியிலிருந்து வருகிறதா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

அப்புறம் ஆட்டத்தைக் கேட்டிருந்த நிறுவனத்தின் தலைவர் பார்க்க வந்தார். அவர் சம்மதித்தால்தான் ஆட்டம் முடியும். இல்லையென்றால் ஸ்டுடியோவை மூடிவிட்டு நாங்கள் ஆளுக்கொரு திசையாகப் போக வேண்டியதுதான். தபஸுக்கு அப்போதுதான் குழந்தை பிறந்திருந்தது. நிரல் எழுதுகிறவர்கள் இரண்டு பேரும் மெயின்லேண்டில் வந்த வேலையை விட்டுவிட்டு எங்களை நம்பி இருந்தார்கள். தலைவரோடு அவருடைய அலுவலகத்து அம்மணி ஒருவரும் வந்திருந்தார். தலைவர் கைக்குப் பக்கத்தில் இருந்த கன்ட்ரோலரை எடுத்துக்கொண்டார். அது இடது பக்கத்துடையது. மற்றது அந்த அம்மணிக்குப் போனது.

நான் முன்னால் போய்த் தரையில் உட்கார்ந்தேன்.

தலைவருடைய விரல்கள் லேசாக இருந்தன. ஜீப், ஜெட்டி, கவுன்டர், கப்பல். ஒரு பாட்டைக் கேட்டுக்கொண்டே மேசையில் தாளம் போடுகிறவர் மாதிரி ஆடினார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார். அம்மா பேசினாள். "வந்துட்டியா? சாப்பிட்டியா?" என்று கேட்டாள். அவர் முகம் இளகியது. நன்றாக இருக்கிறது, கடல் அபாரம், தனக்கு இந்த மாதிரி ஆட்டம் நன்றாக வரும் என்று சொல்லிவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தார்.

அம்மணியின் கட்டைவிரல் மஞ்சள் பட்டன்மேலேயே இருந்தது. அழுத்திக்கொண்டே இருந்தார். நகம் வெளுத்துப்போயிருந்தது. கவுன்டரில் இருந்தவர் நிமிரவில்லை. கப்பல் ஊதியது, நகர்ந்தது, மூடுபனியில் கரைந்தது. அவர் காத்திருந்தார். அடுத்த கப்பலில் போய்ச் சேர்ந்தார். அம்மா திரும்பிப் பார்த்தாள், வாயைத் திறந்தாள், உதடு அசைந்தது.

சவுண்ட் போய்விட்டதா என்று தலைவர் கேட்டார்.

இல்லை, அப்படித்தான் வைத்திருக்கிறோம் என்றேன். அவர் யோசித்தார். பண்பான மனிதர்தான். தோட்டத்துப் பெண்ணுக்கு ஒரு வழியாவது இருக்க வேண்டும் என்றார். சிரமமாக இருக்கட்டும், மறைத்தும் வையுங்கள். ஆனால் கெட்டிக்காரத்தனமாக ஆடுகிறவர் அதைக் கண்டுபிடித்து நேரத்துக்குப் போய்ச் சேரும்படி இருக்க வேண்டும். ஜெயிக்கவே முடியாத ஆட்டத்தை யார் ஆடுவார்கள்? அதை மட்டும் மாற்றினால் இன்றைக்கே சம்மதம் என்றார்.

நியாயமான பேச்சுதான். இரண்டு நாள் வேலை. "செய்துவிடலாம்" என்ற வார்த்தை என் வாய்வரை வந்துவிட்டது. என்னைத் தடுத்தது அன்றைக்கு அந்த மாணவருக்கு விழுந்த கைதட்டல்தான். கெட்டிக்காரர் போய்ச் சேரலாம் என்று விதி எழுதினால், போய்ச் சேராதவளுக்குக் கெட்டிக்காரத்தனம் போதவில்லை என்றும் அதே விதி சொல்லிவிடும். யோகேஸ்வரி கெட்டிக்காரிதான். நான் அவளைப் பார்த்தேன்.

தலைவருக்கும் தமிழ் தெரியும் என்பதால் அவள் தமிழிலேயே சொன்னாள். "வழி இருந்துச்சு சார். அது என் கையில இல்ல."

பிறகு எங்களிடம் அதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னாள். அன்றைக்கு அந்தக் கப்பலில் அவளுடைய வகுப்புத் தோழி ஒருத்தி இருந்தாள். ஓர் அதிகாரியின் மகள். பரீட்சைக்கு முன்னால் விட்ட லீவுக்குப் போய்க்கொண்டிருந்தாள். வீட்டிலிருந்து ஒரு போன் போனால் அவர்களுக்கு டிக்கெட் வந்துவிடும். அவள் மேல்தளத்தில் நின்றபடி, ஜெட்டியில் நனைந்துகொண்டு நின்ற யோகேஸ்வரியைப் பார்த்தாள். பார்த்துச் சிரித்துக் கை காட்டினாள்.

"அவ நல்ல பொண்ணுதான் சார். நான் அவள வழியனுப்ப வந்திருக்கேன்னு நெனச்சிக்கிட்டா. நானும் கை காட்டினேன்."

வெளியே மழை விட்டிருந்தது. தலைவர் தன் கையிலிருந்த கன்ட்ரோலரைத் திருப்பிப் பார்த்தார். மஞ்சள் பட்டனைக் காட்டி, இது எதற்கு என்று கேட்டார்.

யாரும் பதில் சொல்வதற்குள் பக்கத்திலிருந்த அம்மணி திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார். "அதத்தான் சார் நான் இவ்வளவு நேரமும் அழுத்திக்கிட்டிருக்கேன்."

அந்த நிமிஷத்தில்தான் எனக்கு வழி தெரிந்தது. நீங்கள் கேட்ட வழியை வைக்கிறோம், ஆனால் வலது பக்கம் ஆடுகிறவர் கையில் வைக்கமாட்டோம், இடது பக்கம் ஆடுகிறவர் கையில் வைப்போம் என்று தலைவரிடம் சொன்னேன். கப்பலில் ஏறிவிட்ட பெண் மேல்தளத்திலிருந்து கை காட்டலாம், விரும்பினால் இறங்கியும் வரலாம். கவுன்டருக்குப் போய் மற்றவள் பக்கத்தில் நின்று, தனக்கு இதுவரை தேவைப்படாத அந்தப் பட்டனை அழுத்தினால் உள்ளே இருப்பவர் நிமிர்வார், மற்றவளுக்கும் டிக்கெட் கிடைக்கும். அதைச் செய்யச் சொல்லி ஆட்டம் எங்கேயும் குறிப்புக் கொடுக்காது. செய்யாவிட்டால் அவளுக்கு ஒரு நஷ்டமும் வராது. இதற்குமேல் எங்களால் மாற்ற முடியாது என்றும் சொல்லிவிட்டேன். சொல்லும்போது தபஸின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

தலைவர் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தேநீரைக் குடித்துவிட்டுப் போனார். சில வாரங்கள் நாங்கள் சம்பளத்தைப் பற்றிப் பேசாமல் வேலை செய்தோம். அந்த அம்மணிதான் கடைசியில் கூப்பிட்டு, செய்யுங்கள் என்றார். விளம்பரம் பெரிதாக இருக்காது என்றும் சொன்னார். அப்படியே நடந்தது. ஆட்டம் அமைதியாக வெளியே வந்தது, சுமாரான எண்ணிக்கையில் ஆடினார்கள். அநேகம் பேர் கப்பலில் நின்று கை காட்டிவிட்டுப் போனார்கள். ரங்கத்தில் ஒரு மண்டபத்தில் திரைபோட்டு ஆடவிட்டபோது அக்காவும் தங்கையும் ஆடினார்கள். அக்கா கப்பல் தளத்தில் நின்று கை காட்டினாள். பிறகு கை காட்டுவதை நிறுத்தினாள். அவளுடைய விரல் ஒவ்வொரு பட்டனாகத் தடவிப் பார்த்தது. கப்பல் ஊதும்போது அவள் படிக்கட்டில் இறங்கிக்கொண்டிருந்தாள்.

ஆனால் நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தது அதற்கு முன்னால் நடந்தது. புது வழியை எழுதி முடித்தபோது ஒரு இடம் காலியாக இருந்தது. தோட்டத்துப் பெண்ணும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால் அவளுடைய அம்மா என்ன பேசுவாள்? குவார்ட்டர்ஸ் அம்மாவின் வசனத்தை யோகேஸ்வரி அரை மணியில் எழுதியிருந்தாள். இதை எழுதவில்லை. நான் கேட்கவும் இல்லை. எல்லாம் தயாராகி அது மட்டும் நின்றபோது, ஊருக்குப் போய்வருகிறேன் என்று ஹட் பே கப்பலில் கிளம்பினாள். ஆபரேஷன் அன்றைக்கு என்னிடம் என்ன சொல்ல நினைத்தாய் என்று இத்தனை வருஷத்தில் அவள் அம்மாவிடம் கேட்டதே இல்லையாம். பெரிதாக ஏதாவது இருந்துவிடுமோ என்ற பயம்.

திரும்பி வந்து என்னிடம் சொன்னாள். கேட்டதும் அம்மா சிரித்தாளாம். உதட்டை மெதுவாக அசைத்து அசைத்துச் சொன்னாளாம். ஒன்றுமில்லை, உன் பேரைச் சொல்லி ஒரு தடவை கூப்பிட வேண்டும் என்று இருந்தது, அவ்வளவுதான்.

ஆகவே வசனம் ஒரே ஒரு சொல். யோகேஸ்வரியின் சித்திக்கு அம்மாவின் பழைய குரலேதான் என்பார்களாம். அவரை வரவழைத்தோம். சின்ன அறையில் மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலில் போர்வை தொங்கவிட்டு மைக் வைத்தோம். யோகேஸ்வரி ஹெட்போனை மாட்டிக்கொண்டு அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். நான் கையசைத்ததும் சித்தி வீட்டில் கூப்பிடுவதுபோலச் சாதாரணமாகக் கூப்பிட்டார்.

"யோகா."

"என்னம்மா," என்றாள் அவள்.

பதிவு ஓடிக்கொண்டிருந்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி, மன்னிச்சிருங்க பாய், இன்னொரு தடவ எடுத்துக்குவோம் என்றாள். சித்தி அழத் தொடங்கியிருந்தார். இன்னொரு தடவை எடுக்கவில்லை. கூப்பிட்டதையும் பதிலையும் சேர்த்தே ஆட்டத்தில் வைத்துவிட்டோம்.